இட்வால் பிரித்த பாலங்கள்

என் வீட்டுக்காரர் இட்வால் முப்பத்தொரு வருஷம் பாலம் கட்டினார். அதில் ஒன்றையாவது காட்டு என்று யாராவது கேட்டால் நான் எங்கே போய்க் காட்டுவேன்? எல்லாவற்றையும் அவரே பிரித்துவிட்டாரே.

வார நாளில் அவர் சுரங்கத்துத் தச்சர். சனிக்கிழமை மத்தியானம் சங்கு ஊதியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, தன்னார்வப் பொறியாளர் படைக்கு ஓடுவார். பதினெட்டு வயதில் சேர்ந்தவர். எங்கள் பள்ளத்தாக்கின் தச்சனும் கொல்லனும் சுரங்கக்காரனும் சேர்ந்ததுதான் அந்தப் படை. கோடையில் அஸ்க் ஆற்றங்கரையில் முகாம். காலையில் மரச்சட்டங்களை நிறுத்திப் பலகை பரப்பிப் பாலம் போடுவார்கள். ஒரு பீரங்கி வண்டி அக்கரைக்குப் போய்த் திரும்பும். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். தேநீர் வேளைக்குள் எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் அடுக்கிவிடுவார்கள். கல்யாணமான புதிதில் நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"இதுக்கா இத்தனை பாடு? நிக்காத பாலத்த எதுக்குப் போடணும்?"

"போடறது பெருசில்லடி. ஒரு பலகை குறையாம எடுத்துட்டு வரணும். அதுலதான் வித்தையே இருக்கு" என்றார் பெருமையாக.

கடல் கடந்து போயர் சண்டைக்கு ஆள் கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அங்கே போட்டதையும் படை தாண்டியதும் பிரித்தார்கள். பிறகு பிரான்சில், பின்வாங்கும்போது, தான் கட்டிய பாலத்துக்குத் தானே வெடி வைத்தார். வீடு திரும்பி ஒரு வாரம் நாற்காலியை விட்டு எழவில்லை. படை மறுபடி கூடியதும் மறுபடி போனார். அந்த மனுஷனுக்குச் சலிக்கவே இல்லை, எனக்குத்தான் சலித்துவிட்டது.

நான் மருத்துவச்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷம் அக்டோபர் வெள்ளம் எங்கள் ஊர் நடைபாலத்தை அடித்துக்கொண்டு போனது. அக்கரையில் நாற்பது வீடுகள். சுற்றிப்போனால் மூன்று மைல், அதில் பாதி ஏற்றம். பாலம் போன மூன்றாம் நாள் நான் ஒரு வீட்டுக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். அந்தக் குழந்தைக்குப் பேர் வைக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே இட்வாலின் படை வந்து ஒரே நாளில் பாலம் போட்டது. அன்று அவர்மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஊராட்சி புதுப்பாலம் கட்டும்வரை இது இருக்கும் என்றார்கள். மே மாதம் வந்தது. ஊராட்சி ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. படைக்கு மட்டும் மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. முகாமுக்குச் சாமான் வேண்டும், பிரித்துக் கொண்டு வாருங்கள் என்று. அப்போது அக்கரையில் எங்கள் ஊர்ப் பெண் நெஸ்டாவுக்கு ஒன்பதாம் மாதம்.

"மாட்டேன்னு சொல்லிடுங்க" என்றேன்.

"சாமான் நம்மளது இல்ல, ஹன்னா."

"நெஸ்டா நம்மவதானே?"

அவர் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை நான் பிரசவப் பையோடு போய்ப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். இளம் அதிகாரி ஒருவர் வந்து, "அம்மா, தயவுசெஞ்சு..." என்று ஆரம்பித்துக் காதெல்லாம் சிவந்து நின்றார்.

"சார்ஜென்ட், உங்க வீட்டு அதிகாரிய நீங்கதான் பாக்கணும்!" என்று இட்வாலைப் பார்த்துக் கத்தினான் படையாள் கிளெட்வின்.

"வாய மூடுடா. கால் முதல்ல வந்தவன் நீ. உன்ன இழுத்து வெளிய போட்டவ நான்."

எல்லாரும் சிரித்தார்கள். இட்வால் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பத்தொன்பது வயதுதான். அன்று எழுபது போலத் தெரிந்தார்.

"எந்திரி."

"மாட்டேன்."

"இன்னும் ஒரு மணி நேரம் உக்காருவ. அப்புறம் போலீஸ் வரும். அதுக்கப்புறமும் பிரிப்பாங்க. வா, உன்ன நெஸ்டா வீட்டுல விட்டுர்றேன். அவளையாவது பாத்துட்டு வா."

எனக்கு அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை. எழுந்தேன். பையை அவர் வாங்கிக்கொண்டார். அக்கரையில் என்னை விட்டதும் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ நெஸ்டா வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். "சார்ஜென்ட்!" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள்.

"பிரிங்கடா. உங்களுக்குத் தெரியாததா?" என்று கையை மட்டும் அசைத்தார்.

அக்கரைப் பக்கத்திலிருந்து பிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். ஒரு பலகைகூடத் தண்ணீரில் விழவில்லை. எல்லாம் அவர் பழக்கிய கைகள். தேநீர் வேளைக்கு வண்டி கிளம்பிவிட்டது. பெண்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

நெஸ்டாவுக்கு இன்னும் ஒரு வாரமாவது இருந்தது. இக்கரையிலும் எனக்காக இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் காத்திருந்தார்கள். இருவரும் சுற்றுவழியில் நடந்தோம். ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்றார்.

"இவ்வளவு தூரமா?"

"இவ்வளவுதான். இன்னிக்கு மழை இல்ல. இருட்டு இல்ல. போற வீட்டுல ஒருத்தி அலறிட்டுக் கிடக்கல."

மேட்டின் உச்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்:

"பாலத்தப் பிரிக்கும்போது நான் எப்பவும் வண்டி நிக்கிற கரையிலதான் இருந்திருக்கேன், ஹன்னா."

அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. பையைக் கேட்டேன், கொடுக்கவில்லை. வீட்டுக்கு இன்னும் ஒன்றரை மைல் இருந்தது.