காந்த மாலையும் என் கணவரின் நெஞ்சும்

உக்குவளைச் சந்தையில், உடம்பு நோவெல்லாம் போகும் என்று காந்த மாலை விற்றவரிடம், "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருக்காங்க, இதைப் போடலாமா?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான் அக்கா இது ரொம்ப நல்லம்" என்றார். நம்பி வாங்கிவந்தேன்.

வீட்டில் அதை அணிந்துகொண்டு கோழிக்குத் தீனி வைத்த கணவர், நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லி, தலைசுற்றிச் சாய்ந்தார். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காந்தம் இதயத் துடிப்புக் கருவியைக் குழப்பியிருக்கிறது என்றார் டாக்டர். நல்லவேளை, கருவி பழுதாகவில்லை.

விற்றவரிடம் சண்டைக்குப் போனேன். "உங்களுக்கு நம்பிக்கை பத்தாதுங்க" என்று சிரித்தார். அவரை நான் மன்னிக்கவில்லை.

இப்போது சந்தை நாளில் அவர் கடைக்கு எதிரே நின்று, "நெஞ்சுல மிஷின் உள்ளவங்க இதைத் தொடாதீங்க" என்று தமிழிலும் சிங்களத்திலும் சத்தமாகச் சொல்கிறேன். அவர் கடையை வேறு இடத்தில் போட்டால், நானும் அங்கே போய் நிற்கிறேன்.