நடுப்பாதைச் சிவபாலன்

இத்தாலியின் தீவு நகரமான பலெர்மோவில் இருக்கிற தமிழர்களில் பெல்லெக்ரீனோ மலைக்குப் போகாதவர் ஒருவரும் இல்லை. சைவக்காரரும் வேதக்காரக் கிறிஸ்தவரும் அங்கே கோயில் கொண்ட சாந்தா ரொசாலியா அம்மாளுக்கு நேர்த்தி வைத்து, கல் பதித்த வழியால் வெறுங்காலோடு ஏறுவார்கள். மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பாணும் சோடாவும் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் இறங்கிவிடுவார்கள். அது கோயிலுக்குப் போவது. மலை ஏறுவது வேறு. எங்கள் ஆட்களில் இந்த ஊரில் மலை ஏறியவன் என்றால் அது இந்த இராஜதுரைதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

வேலணையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இங்கே வந்து கோப்பை கழுவி, படி கழுவி, இன்றைக்குப் பல்லரோ சந்தைக்கு மேலே சொந்த வீடு, வீட்டுக்குள் தொலைபேசி, எனக்குக் கீழே வேலைக்கு ஆட்கள். பொலிதேயாமாப் பகுதியில் நான் வேலை செய்த வீட்டு எஞ்சினியர் ஒரு நடைப் பைத்தியம். பை தூக்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பிறகு அவருடைய முழங்கால் பழுதாகிவிட்டது, என்னுடையது பழுதாகவில்லை. சிங்காரோக் கடற்கரைக் காடு, ஃபிகூட்சாக் காடு, காலோ முனை, எல்லாம் என் கால் பட்ட இடங்கள். கிட்டிய இடத்துக்குச் சைக்கிள், எட்டிய இடத்துக்குப் பஸ், மிச்சம் நடை.

சந்தை மூலையில் சீட்டு விளையாடும் அந்தோனிமுத்து என்னைக் கண்டால் விடமாட்டான்.

“என்ன துரையண்ணை, ஞாயிற்றுக்கிழமையும் விறகு பொறுக்கவோ போறியள்?”

“ஓமடா, உன்ரை கொள்ளிக்குத்தான்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதிப்பேன்.

சிவபாலன் தொண்ணூற்றொன்றில் வந்தான். கோப்பாய்க்காரன். ஊரில் வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டிச் சுன்னாகம் சந்தைக்கு மிதித்தவன். படுக்க இடம் கொடுத்ததும் நான், கால்சாப் பகுதியில் ஒரு பெரிய வீட்டின் படிகளைக் கழுவும் வேலை எடுத்துக் கொடுத்ததும் நான், பெர்மெஸ்ஸோ என்கிற இருப்பு அனுமதிக்குக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் அவனோடு வரிசையில் நின்றதும் நான். முதல் சம்பளத்தில் பல்லரோவில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினான். அடுத்த ஞாயிறு என் பின்னாலேயே வந்தான்.

முதல் வருடங்களில் நல்ல கூட்டாளி. பாதைக்குப் பக்கத்தில் காட்டுப் பெருஞ்சீரகத்தைக் கண்டால் இறங்கிப் பிடுங்குவான். பாறைக்குக் கீழே முயல் ஓடினால் பின்னால் ஓடுவான். வாய் ஓயாது. மனைவி அம்பிகையையும் மகள் ஜெனனியையும் எப்படி இங்கே எடுப்பது என்ற கதைதான் முழுக்க. அவன் வரும்போது பிள்ளைக்கு மூன்று வயது.

தொண்ணூற்றாறில் ஊரிலிருந்து என் வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. சண்டைக்குப் பயந்து தென்மராட்சிக்கு ஓடிய சனம் திரும்பி வந்த நேரம். அம்பிகை தன்னுடைய சொந்த வளவுக்குள் மிதிவெடியில் கால் வைத்துவிட்டாள், ஆள் தப்பவில்லை. நான் கால்சாவுக்குச் சைக்கிளில் போய்ச் சொன்னேன். சிவபாலன் படியில் நின்றான், கையில் துடைப்பம்.

“ஓம் அண்ணை” என்றான். பிறகு, “தண்ணி ஊத்திப்போட்டன். துடைச்சுப்போட்டு வாறன்” என்றான்.

நான் வாசலில் இருந்தேன். மேலிருந்து கீழ்வரை எல்லாப் படியையும் துடைத்துவிட்டுத்தான் வந்தான். அழவில்லை. வந்த ஞாயிறு வழமைபோல என் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றான். துக்க வீட்டுக்காரன், வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம். பாதையின் நடு. நட்ட நடு. புல்லில் ஒரு விரல்கூட வைக்கமாட்டான். எதிரே ஆட்கள் வந்தால் ஒதுங்காமல் நிற்பான். அவர்கள்தான் இறங்கிப் போகவேண்டும். மூத்திரம் பெய்வதானாலும் வீடு வரும்வரை அடக்கிக்கொள்வான். நிழல் பக்கத்தில் இருந்தாலும் வெயிலில் நின்று சாப்பிடுவான். கதை நின்றுவிட்டது. எதைக் கேட்டாலும் “ஓம்” அல்லது “இல்லை”. அந்தோனிமுத்து அவனுக்கு ‘நடுப்பாதை’ என்று பெயர் வைத்துவிட்டான்.

பிள்ளையை எடுக்கிற அலுவலை நான் விடவில்லை. சட்டத்தரணியே கையை விரித்த அலுவல். இந்த ஐந்தாம் வகுப்பு ஓடித் திரிந்து முடித்தது. தொண்ணூற்றெட்டு மார்ச்சில் ஜெனனி வந்து இறங்கினாள். பத்து வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின இரட்டைப் பின்னல், கையில் ஒரு துணிப்பை. அப்பன் அவளைப் பார்த்தான், அவள் என் சப்பாத்தைப் பார்த்தாள். விமான நிலையத்தில் எத்தனையோ பேர் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள்.

அவள் அவனை ‘அப்பா’ என்று கூப்பிடவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் கோப்பையைத் தள்ளுவாள். பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். வாய் திறந்து சொன்னது ஒன்றுதான்: “நான் பெரியம்மாவிட்டைப் போறன்.” பெரியம்மா என்றால் அம்பிகையின் அக்கா ஞானம்பிகை. ரொறன்ரோவில் இருப்பவள், பிள்ளை இல்லாதவள். ஞாயிறு பின்னேரங்களில் என் வீட்டுத் தொலைபேசிக்கு அழைப்பாள். “பிள்ளையை என்னட்டை விடுங்கோ, நான் எடுத்து வளக்கிறன். பள்ளிக்கூட விடுமுறைக்குள்ளை ஒரு முடிவு சொல்லுங்கோ” என்று.

நான் சிவபாலனிடம் கேட்டேன். “என்னடா செய்யப்போறாய்?”

“போறதெண்டால் போகட்டும் அண்ணை.”

“உனக்கு மிஞ்சியிருக்கிறது அவள் ஒருத்திதானே, விசரா!”

“ஓம்” என்றான். அவ்வளவுதான். அவனோடு கதைப்பதும் அவன் கழுவும் படியோடு கதைப்பதும் ஒன்று.

நான்தான் யோசித்தேன். பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போவோம், காற்றுப் பட்டால் மனம் இளகும் என்று. ஜூனில் ஒரு ஞாயிறு. அவள் அப்பனுடைய சைக்கிள் கரியரில் இருந்தாள். அவனைப் பிடித்துக்கொள்ளவில்லை, சீற்றுக்குக் கீழே இருந்த கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டாள். ஃபவோரீத்தாச் சோலைக்குள்ளால் மிதித்து, பெல்லெக்ரீனோ மலையடியில் ஒரு மரத்தோடு சைக்கிள்களைச் சங்கிலி போட்டுக் கட்டினோம். சாமி கும்பிடுகிற சனம் போகாத மற்ற வழி அது. பன்றிப் பள்ளம் என்று இந்த ஊரார் சொல்லும் இடுக்கு. மண் பாதை, இரண்டு பக்கமும் இடுப்பளவு புல், மேலே பாறை. அந்த மலையைச் சட்டம் போட்டுக் காக்கத் தொடங்கிக் கொஞ்சக் காலம்தான்.

நான் முன்னால் போனேன். ஒவ்வொரு மரத்தின் பெயரும் சொல்லிக்கொண்டு போனேன். பின்னால் சத்தத்தைக் காணவில்லை. திரும்பினால் பிள்ளை பாதையின் தொடக்கத்தில் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் சிவபாலன்.

“என்ன பிள்ளை, கால் நோகுதோ?”

அவள் ஒரு கல்லைக் காட்டினாள். மலை நடக்கிற சங்கத்துக்காரர் அந்த வசந்தத்தில்தான் புதிதாகப் பூசியிருந்தார்கள். சிவப்பு ஒரு கோடு, வெள்ளை ஒரு கோடு. இந்தத் தீவில் எந்தக் காட்டிலும் உள்ளதுதான். பாதை இதுதான், பயப்படாமல் வா என்று அர்த்தம்.

“சிவப்புக்கு அங்காலை போகக் கூடாது” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடி மடச்சி, அது வழி காட்டுற கோடு. மிதிவெடிக்கு ஆமிக்காரன் அடிச்சதெண்டு நினைச்சியோ? இஞ்சை வெடியும் இல்லை, கிடியும் இல்லை.”

“ஆர் சொன்னது?”

“நான் சொல்லுறன். இந்த மலையிலை எனக்குத் தெரியாத கல்லு இல்லை.”

“ஊரிலையும் அப்பிடித்தான் சொன்னவை.”

எனக்கு ரோசம் வந்தது. பாதையை விட்டு இறங்கினேன். புல்லுக்குள் நின்று இரண்டு காலாலும் துள்ளித் துள்ளி மிதித்தேன். “பார்! வெடிச்சுதோ? வெடிச்சுதோ?”

பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் பயம்கூட இல்லை. தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள்.

“எல்லாம் முதல் காலிலை வெடிக்காது மாமா. அம்மா ரெண்டு தரம் போய்த் தேங்காய் எடுத்தவ. அதே மரத்தடி. நான் படலைக்குள்ளை நிண்டு வாங்கி வாங்கி வைச்சனான். மூண்டாம் தரம்தான்.”

நான் துள்ளுவதை நிறுத்தினேன். பிள்ளை அந்த நேரம் உறவுக்காரர் வீட்டில் நின்றது என்றுதான் எங்களுக்குச் செய்தி. யார் அப்படிச் சொன்னார்களோ, ஏன் சொன்னார்களோ. சிவபாலனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

பிறகு அவன் பாதையை விட்டு இறங்கினான்.

இரண்டு வருடமாகப் புல்லில் நகம் வைக்காத மனிதன். வேகமாக இல்லை, மெதுவாகவும் இல்லை, வேலைக்குப் போகிறவன் மாதிரி நேரே போனான். புல் அவன் இடுப்புக்கு வந்தது. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை. பிள்ளைக்குக் காட்டுவதற்குப் போனானோ, வேறு எதற்குப் போனானோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. பாறையடிவரை போய் நின்றுவிட்டான். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரும்பவில்லை.

“சிவபாலன்! காணும், வாடா!” என்றேன்.

அசைவு இல்லை.

“அப்பா!”

அந்தக் குரல் இந்தச் சின்ன உடம்பிலிருந்துதான் வந்ததா என்று நான் பார்த்தேன்.

“அப்பா, அசையாதேங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!”

அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். பிள்ளை பாதையின் ஓரத்துக்கு ஓடினாள். புல்லில் படாமல் முழங்காலில் இருந்து, தலையைத் தாழ்த்தி, அவன் போன இடத்தில் புல் மடிந்து கிடக்கிற கோட்டைப் பார்த்தாள்.

“இப்ப மெல்லத் திரும்புங்கோ. கீழை பாருங்கோ. நீங்கள் வந்த அடி தெரியுதோ?”

“ஓம்” என்றான்.

“அந்த அடியிலையே வையுங்கோ. அந்தக் கால் இல்லை, மற்றக் கால். கெதிப்படாதேங்கோ. ஓம், இனி மற்றது.”

அப்பன் மகள் சொன்ன மாதிரியே வந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவள் “ஓம்” சொல்லும்வரை காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒரு இத்தாலியச் சோடி மேலேயிருந்து வந்தது. எங்களைக் கண்டு, என்ன விளையாட்டோ என்று சிரித்துக்கொண்டு ஓரமாக விலத்திப் போனது. நான் வாய் மூடி நின்ற இடங்கள் வாழ்க்கையில் குறைவு, அது ஒன்று.

பாதையில் அவன் கால் வைத்ததும் அவள் எழும்பி அவன் காற்சட்டையில் ஒட்டியிருந்த முள்ளுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அழவில்லை. அவனும் அழவில்லை.

“இனி இறங்கக் கூடாது” என்றாள்.

“ஓம்.”

அன்றைக்கு மலை ஏறவில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்து, கொண்டுபோன புட்டைச் சாப்பிட்டோம். புட்டு காய்ந்துபோய் இருந்தது. பின்னேரம் என் வீட்டில் தொலைபேசி அடித்தது. ஞானம்பிகை. வழமைபோலக் கேட்டாள், என்ன முடிவு என்று. நான் சிவபாலனைப் பார்த்தேன், சிவபாலன் சுவரைப் பார்த்தான். பிள்ளை வந்து என் கையிலிருந்து றிசீவரை வாங்கினாள்.

“பெரியம்மா, நான் வரேல்லை.”

அங்கே என்ன கேட்டார்களோ.

“இல்லை, அவர் ஒண்டும் சொல்லேல்லை. அப்பாவுக்கு நடக்கத் தெரியாது பெரியம்மா. பாதையை விட்டு இறங்கிப் போறார். ஆராவது பாத்துக்கொண்டு நிக்கவேணும்.”

எனக்கு வாய் துடித்தது. பலெர்மோவிலேயே பாதையை விட்டு இறங்காத ஒரே மனிதன் இவன்தான், சந்தை முழுக்கச் சாட்சி சொல்லும் என்று சொல்ல வந்தேன். சிவபாலன் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. அவன் தானாக ஒரு ஆளை நிமிர்ந்து பார்த்து நான் கண்டது, அம்பிகை போன பிறகு அதுதான் முதல் தடவை.

பிள்ளை இங்கேதான் நிற்கிறாள். இப்போது இத்தாலியன் கதைப்பதில் சந்தைக்காரிகள் தோற்றுப்போவார்கள். வீட்டில் இரண்டு பேருக்கும் பெரிய கதை இல்லை. அவன் சிரித்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஞாயிறுகளில் மூன்று பேரும் போகிறோம். அவள் முன்னால், கல்லில் கோட்டைக் கண்டால் நின்று, காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அவள் வைத்த இடத்தில் அவன் வைப்பான். இந்த மலையை எங்கள் ஆட்களில் முதல் கண்டவன் நான், மூன்றாவதாக நடக்கிறேன். முந்திப் போகப் பார்த்தால் பிள்ளை விடுகிறாள் இல்லை.