ஏழு ஐம்பத்தொன்றுக்கு எடுத்த படம்

ஆரையம்பதியில் கடந்த இருபது வருடத்துக்குள் கல்யாணம் செய்த பாதிப்பேரின் வீட்டுச் சுவரில் திவாகரன் எடுத்த படம் தொங்கும். ஆனால் திவாகரனைப் படத்தில் பார்த்தவர்கள் ஊரில் மிகக் குறைவு. அவருடைய சொந்தக் கல்யாண ஆல்பத்திலேயே பல பக்கங்களில் மாப்பிள்ளையைக் காணவில்லை. வந்த படப்பிடிப்பாளர் வெளிச்சத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று, பட்டுவேட்டியோடு எழுந்து போய்க் கமராவை வாங்கித் தானே எடுத்திருக்கிறார். அவருடைய மனைவி ஆர்த்திகா இன்னும் அதைச் சொல்லிச் சண்டை பிடிப்பார்.

திவாகரன் பிறந்தது மாங்கேணியில். சுனாமியில் கடல் அடித்த வருடம் ஆரையம்பதியில் மாமா வீட்டுக்கு வந்தார். நிவாரணப் படிவங்களோடு இணைப்பதற்கு இடிந்த வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் முதல் வேலை. அதிலிருந்து பிறந்தநாள், பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியச் சடங்கு, கல்யாணம் என்று வளர்ந்து, பிரதான வீதியில் சிறிய ஸ்டூடியோ ஒன்று போட்டார். தொழிலில் அவருக்கு ஒரு வெறி உண்டு. படம் ஒரு இழை சரிந்திருந்தாலும் பொறுக்கமாட்டார். மணமேடையில் மாமன் மச்சான் எல்லாரையும் நிறுத்தி, "நேரா நில்லுங்க, தோளைச் சரிக்காதீங்க" என்று ஐந்து நிமிடம் வதைத்துத்தான் விடுவார்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த மகள் விதுர்ஷா. திவாகரன் எனக்குச் சொன்ன இந்தச் சம்பவம் நடந்தபோது அவளுக்கு ஐந்தரை வயது.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், உன்னிச்சையில் இருக்கும் ஆர்த்திகாவின் தங்கைக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டதென்று தகவல் வந்தது. ஆர்த்திகா அன்று பின்னேரமே பஸ் ஏறிவிட்டார். தாயும் மகளும் ஒரு இரவு பிரிந்திருந்தது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை விடிந்ததும் விதுர்ஷா கட்டிலில் இருந்தபடி அழத் தொடங்கினாள். பாலைக் குடிக்கவில்லை, பல்லுத் தீட்டவில்லை. திவாகரனுக்கு வேறு வழி தெரியவில்லை. அலுமாரியில் கிடந்த ஒரு சின்னக் கமராவை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினார்.

"வா புள்ள, ஊரைப் படம் எடுத்துக்கொண்டு வருவம். பிறகு அம்மாக்கு அனுப்புவம்."

அழுகை நின்றுவிட்டது. இருவரும் ஏழு மணிக்கு முன்பே படலையைத் திறந்துகொண்டு வெளிக்கிட்டார்கள்.

விதுர்ஷா படலையை எடுத்தாள். மதிலில் படுத்திருந்த பூனையை எடுத்தாள். பூட்டிக் கிடந்த கடையின் பூட்டை மட்டும் கிட்டப் போய் எடுத்தாள். பிறகு திரும்பித் திரும்பித் தகப்பனையே எடுக்கத் தொடங்கினாள். நடக்கும்போது ஒன்று, வேலியில் பூப் பறிக்கும்போது ஒன்று, கோயில் மதிலோரம் தண்ணீர் குடிக்கும்போது ஒன்று.

"என்னை விடு புள்ள. ஊரை எடு."

"ஊரை அம்மா கண்டிருக்கிறாதானே. இண்டைக்கு உங்களத்தான் அம்மா காணல்ல."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பையும் எடுத்தாள்.

கோயிலைத் தாண்டி மேற்கே திரும்பினால் வாவிக்கரை. காற்று இல்லாத காலை. நீர் அசையாமல் கிடந்தது. வினாயகமூர்த்தி என்ற வயதான மீனவர் அப்போதுதான் தோணியைக் கரைக்கு இழுத்துவிட்டு, இறாலைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். காத்தான்குடி இஷாம் தன் ஓட்டோவோடு வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். காலையில் கரையில் இறாலும் மீனும் வாங்கி, ஓட்டோவிலேயே வீடு வீடாக விற்பவன்.

திவாகரன் அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய தோணியில் உட்கார்ந்தார். நடந்த களைப்பு என்றுதான் நினைத்தார்.

"அப்பா, உங்கட செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பில்லை. பத்தடி பின்னால் மணலில் கிடந்தது. அது கழன்றதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலும் எப்போதோ நழுவி மணலில் உருண்டிருந்தது. நேற்றிரவு நித்திரை போதாது என்று சொல்லிக்கொண்டார்.

விதுர்ஷா எதிரே நின்று ஒரு படம் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"அப்பா, நேரா இருங்க."

"நேராத்தானே இருக்கிறன்."

"வாய் நேரா இல்ல."

"நீ கமராவைச் சரிச்சுட்டாய் புள்ள. இஞ்ச கொண்டு வா."

வலது கையால் கமராவை வாங்கிப் பார்த்தார். இருபது வருடப் பழக்கத்தில் கண் முதலில் போனது படத்தின் பின்னணிக்குத்தான். வாவியின் நீர்க்கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக இருந்தது. தோணி கட்டும் கம்பு செங்குத்தாக நின்றது. கமரா சரியவில்லை. பிள்ளை மிகவும் சரியாக எடுத்திருக்கிறாள்.

முகம்தான் சரிந்திருந்தது.

உதட்டின் ஒரு பக்கம் கீழே இறங்கி, கன்னம் தளர்ந்து, அந்தப் பக்கத்துக் கண்ணிமை பாதி விழுந்திருந்தது. அது யாருடைய முகம் என்று அவருக்கு விளங்கவில்லை. சேர்ட்டு தன்னுடையது என்பதை வைத்துத்தான் அது தான் என்று பிடிபட்டது. வலது கையால் இடது கன்னத்தைத் தொட்டார். வேறொருவரின் கன்னத்தைத் தொட்டதுபோல இருந்தது. இடது கையைத் தூக்கினார். தூக்கிவிட்டதாகவே நினைத்தார். பார்த்தால், கை மடியில் அப்படியே கிடந்தது.

கட்டை விரலால் முந்திய படங்களைத் தள்ளிப் பார்த்தார். கோயில் மதிலோரத்தில் ஏழு முப்பத்தெட்டுக்கு எடுத்தது, இரண்டு கன்னமும் உப்பச் சிரித்துக்கொண்டிருக்கும் ஆள். இது ஏழு ஐம்பத்தொன்று. பதின்மூன்று நிமிடம். அந்தப் பதின்மூன்று நிமிடத்தில் ஒரு நோவு இல்லை, ஒரு மயக்கம் இல்லை, ஒன்றுமே இல்லை.

"இஞ்ச வாங்க" என்று கூப்பிட்டார். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ சத்தம்.

வினாயகமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். "என்னடாப்பா, விடியக்காலமையே குடிச்சிட்டாரோ?"

அதைக் கேட்டதும் விதுர்ஷா கமராவைத் தகப்பன் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாள். இஷாமிடம் போய்த் திரையைத் தூக்கிக் காட்டினாள். "எங்கட அப்பாட வாயைப் பாருங்க!"

இஷாம் படத்தைப் பார்த்தான். பிறகு ஓடி வந்து முகத்தைப் பார்த்தான்.

"அண்ணன், ஒருக்காச் சிரிங்க பாப்பம்."

"இப்ப என்னத்துக்கு…" என்று திவாகரன் குழறினார்.

"சிரிங்க அண்ணன்!"

முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

"நிழல்ல கொஞ்சம் சாய்ச்சு விடுவம்" என்றார் வினாயகமூர்த்தி. "வாதம் போல கிடக்கு. பரிசாரியக் கூட்டி வந்து எண்ணெ போட்டா…"

"வேணாம் ஐயா! எங்கட வாப்பாக்கும் இப்பிடித்தான் வந்த. படுத்தாச் சரியாப் போகும் எண்டு நாங்க பகல் முழுக்கப் படுக்க வெச்ச. பிறகு அவர் எழும்பவே இல்ல." இஷாம் ஓட்டோவின் பின் ஆசனத்திலிருந்த இறால் பெட்டிகளை இழுத்து மணலில் போட்டான். "சுறுக்காத் தூக்குங்க!"

திவாகரன் வர மறுத்தார். பின்னேரம் கல்யாண வீடு ஒன்று இருக்கிறது, லைட் கொண்டுபோக வேண்டும் என்று குழறிக் குழறிச் சொன்னார். இரண்டுபேரும் காது கொடுக்கவில்லை. வினாயகமூர்த்தி நனைந்த சாரத்தோடு அவருக்குப் பக்கத்தில் ஏறி, சாயாமல் தோளைப் பிடித்துக்கொண்டார். விதுர்ஷா காலடியில் இருந்தாள். காத்தான்குடியின் சனிக்கிழமைச் சனத்துக்குள்ளால் ஹோர்னை விடாமல் அமத்திக்கொண்டு இஷாம் ஓட்டினான். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது திவாகரனின் தலை தொங்கத் தொடங்கியிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் அவரைப் பார்த்தது ஒரு இளம் பெண் டொக்டர். பார்த்தவுடன் ஒரேயொரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "எத்தினை மணிக்குத் தொடங்கினது?"

யாருக்கும் தெரியவில்லை. வினாயகமூர்த்தி, தான் காணும்போதே அவர் உட்கார்ந்திருந்தார் என்றார். இஷாம் திவாகரனின் போனிலிருந்து ஆர்த்திகாவுக்குக் கோல் எடுத்தான். அவர் கணவனைக் கடைசியாகக் கண்டது முதல் நாள் பின்னேரம். திவாகரனிடம் கேட்டால், "எனக்கு ஒண்டும் இல்ல, கை மட்டும் கொஞ்சம்…" என்றார்.

"மூளையில அடைச்ச இரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு" என்றார் டொக்டர். "தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள்ள போடணும். இவருக்கு ராத்திரி நித்திரையிலயே வந்திருந்தா நேரம் தாண்டியிருக்கும். பிந்திப் போட்டா மூளைக்குள்ள இரத்தம் கசியலாம். நேரம் தெரியாம நான் எப்பிடிப் போடுற?"

"நான் படம் எடுத்தன்."

எல்லாரும் கீழே பார்த்தார்கள். விதுர்ஷா நோயாளர் உட்காரும் வாங்கின் ஓரத்தில் கமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளையை வெளியில் கொண்டுபோகச் சொல்லித் தாதி கையை நீட்டினார். அதற்குள் இஷாம் கமராவை வாங்கி டொக்டரிடம் கொடுத்துவிட்டான்.

மொத்தம் முப்பத்தொரு படம். அதில் பதினாலு திவாகரன். டொக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஆறு ஐம்பத்துநான்கு, நேரான முகம். ஏழு பன்னிரண்டு, நேரான முகம். ஏழு முப்பத்தெட்டு, சிரிப்பு. பிறகு ஒரு நீர்க்காகம், தோணி, மணலில் தனியே கிடக்கும் செருப்பு. பிறகு ஏழு ஐம்பத்தொன்று. டொக்டரின் கை நின்றுவிட்டது. ஏழு முப்பத்தெட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி பார்த்தார்.

"இந்தக் கமராட நேரம் சரியா?"

கட்டிலில் இருந்து திவாகரனின் வலது கை எழுந்தது. "சரி… சரி…" கல்யாண வீடுகளில் நாலைந்து கமராவின் படங்களை வரிசைப்படுத்துவதற்காக, தன்னிடமுள்ள எல்லாக் கமராவுக்கும் ஒரே நேரம் வைப்பவர் அவர். டொக்டர் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை.

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக் கசிவு இல்லை. ஒன்பதே காலுக்கு ஊசி ஏறியது.

ஆர்த்திகா பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். தங்கைக்குப் பெண்பிள்ளை பிறந்த செய்தி அவர் வாயிலேயே நின்றுவிட்டது. கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தபோது அவர் அழவில்லை. வெளியே வந்ததும் இஷாம் கமராவைக் கொடுத்தான். நின்றபடியே பதினாலு படத்தையும் பார்த்தார். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் கணவனின் முகம் இத்தனை படங்களில் அவருக்குக் கிடைத்ததில்லை. கடைசிப் படம் வந்ததும் கமராவோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று பின்னேரம் திவாகரனின் இடது கை விரல்கள் அசைந்தன. மூன்றாம் நாள் வாய் மேலே வந்தது. ஒன்பதாம் நாள் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார்.

இத்தோடு முடிந்ததென்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விதுர்ஷா கமராவைத் தொடாமல் இருந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பயந்திருப்பாள் என்று விட்டுவிட்டார்கள்.

உன்னிச்சையில் பிறந்த பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு வந்தது. திவாகரனும் போனார். பிள்ளையைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். நோய்க்குப் பிறகு முதல் தடவையாக, வலது கையால் மட்டும் பிடித்துக் கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். வீடே அதிரும்படி ஒரு கத்தல் கேட்டது. விதுர்ஷா ஓடி வந்து பிள்ளையின் மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் அதன் முகத்தைப் பொத்தினாள்.

"எடுக்காதீங்க அப்பா! பாப்பாட வாய் கோணிப் போயிடும்!"

ஆர்த்திகா மகளைத் தூக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். திவாகரன் கமராவை நிலத்தில் வைத்துவிட்டுக் கஷ்டப்பட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன புள்ள சொல்றாய்?"

"நான் எடுத்ததாலதானே உங்கட வாய் கோணின. கை ஏலாமப் போன."

"ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. எனக்குத் தெரியும். டொக்டர் அம்மா கமராவை வாங்கி ஒவ்வொரு படமாப் பார்த்தா. நான்தான் செஞ்ச எண்டு கண்டுபிடிச்சுட்டா. ஆனா என்னைப் பொலிஸிட்டப் பிடிச்சுக் குடுக்கல்ல."

வாவிக்கரையில் அந்தப் படத்தைப் பார்த்தபோதுகூட இப்படித் திடுக்கிடவில்லை என்று திவாகரன் என்னிடம் சொன்னார். ஒரு மாதம். அவர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தினமும் அவர் பக்கத்தில்தான் படுத்தாள். அவருக்கு மாத்திரை கொடுக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். உபகாரம் செய்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். தான் செய்த குற்றத்துக்கு ஈடு செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நீ எடுக்கக்குள்ள கோணல்ல புள்ள" என்றார். "அதுக்கு முந்தியே கோணிட்டு. செருப்பு கழண்டதே எனக்குத் தெரியல்ல, கண்டியா? ஒருத்தருக்கும் தெரியல்ல. நீதான் கண்ட. நீ எடுத்தபடியாத்தான் டொக்டர் ஊசி போட்டவ. இல்லாட்டி நான் இண்டைக்கு இஞ்ச வந்திருக்கவே மாட்டன்."

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெய்யா?"

"மெய்."

அவள் பிள்ளையின் முகத்திலிருந்து கைகளை எடுத்தாள். ஆனால் கமராவைத் தன் காலால் மெல்லத் தூரத் தள்ளிவிட்டாள். அன்று பிள்ளையை யாரும் படம் எடுக்கவில்லை. திவாகரனும் கேட்கவில்லை.

இப்போது அவர் நடக்கிறார். இடது கையில் இன்னும் பலமில்லை. கமராவைத் தாங்கியில் பூட்டி, ஸ்டூடியோவுக்குள் அடையாள அட்டைப் படங்களும் குடும்பப் படங்களும் எடுக்கிறார். கல்யாண வீடுகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். விதுர்ஷா தை மாதம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

பிறகு கமராவைத் தொட்டாளா என்று அவரிடம் கேட்டேன்.

"தொடுறாள்" என்றார். "ஆனா ஆரையும் எடுக்க முன்னம் கிட்டப் போய்க் கேக்கிறாள், உங்களுக்கு எங்கயும் நோகுதா எண்டு. இல்ல எண்டு சொன்னாத்தான் எடுப்பாள்."