வாய்மொழித் தேர்வில் விட்டுப்போன திருத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தாம்பரத்தில் நான் படித்த கல்லூரியில் எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. இடைக்கால இலக்கியத்தில் ஒதுக்கப்பட்ட மக்களை எப்படியெல்லாம் மறைத்தார்கள் என்று முந்நூறு பக்கம் எழுதியிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம். குடிசைகளை இடித்து எங்களைக் குடியமர்த்திய பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் என் வீடு இருப்பதை ஆறு வருடமாக நானே மறைத்திருந்தேன். தெரிந்தால் என்னை ஆய்வாளராகப் பார்க்காமல் ஆய்வுப் பொருளாகப் பார்ப்பார்களோ என்று பயம். வீடு சேலையூரில் என்று சொல்லி, தோழிகளோடு அங்கே இறங்கி, அவர்கள் தலை மறைந்ததும் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன்.

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். அதனாலேயே தோழிகளிடம் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். நானும் கொடுத்திருந்தேன். அம்மாவிடம் தேதியைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் கிடந்த அறிவிப்பை எதிர்வீட்டு அக்காவிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இருவரும் பட்டுப்புடவையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சொன்ன வரியையே இரண்டாம் முறை சொன்னேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "அவங்க யாரும்மா?" என்றார்.

"களப்பணியில உதவினவங்க சார்."

"இடைக்கால இலக்கியத்துக்கு ஏதும்மா களப்பணி?"

அரங்கமே சிரித்தது. அம்மா எழுந்து நின்றார்.

"ஆமா சார். மேடத்துக்கு நாங்கதான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணோம்."

"இன்னாக்கா..." என்று ஆரம்பித்த எதிர்வீட்டு அக்காவின் கையை அம்மா அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

தோழிகள் கேள்விகளைக் கேட்டார்கள். என்ன பதில் சொன்னேனோ. கடைசியில் தேர்வாளர் ஆய்வேட்டில் செய்யவேண்டிய திருத்தங்களை வாசித்துவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். எல்லோரையும்விட அம்மாதான் சத்தமாகக் கைதட்டினார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "சார், ஒரு திருத்தம் விட்டுப்போச்சு," என்றேன். "அவங்க எங்க அம்மா. நாங்க பெரும்பாக்கம் போர்டுல இருக்கோம்."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவை முன்வரிசைக்கு அழைத்தார். அம்மா வரவில்லை. "இருக்கட்டும் சார், இங்கியே நல்லா கேக்குது," என்றார்.

இப்போது நானும் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவர்கள் "மேடம்" என்று கூப்பிடும்போதெல்லாம், முதன்முதலில் என்னை அப்படிக் கூப்பிட்டது யார் என்பது ஞாபகம் வந்து, திரும்பிப் பார்க்க ஒரு நொடி தயங்குகிறேன்.