இருபதுக்கு நூற்றெண்பது

சென்டம் மாஸ்டர் என்ற பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. தானே சூட்டிக்கொண்டு, வாசலில் பலகையும் எழுதி மாட்டிக்கொண்டார். மாடியறையில் கணக்கு ட்யூஷன். நூற்றுக்கு நூறு வாங்கியவன் படம் சுவரில் தொங்கும். தொண்ணூற்றெட்டு வாங்கியவன் தெருவில் எதிரே வந்தால் மாஸ்டருக்கு அடையாளம் தெரியாது. உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்கு மார்க்தான். மனைவி காபி கொண்டுவந்து வைத்தால், ஒரு வாய் குடித்துவிட்டு, "எழுபது. சர்க்கரையில முப்பது போச்சு" என்பார். அந்த அம்மாளின் பொறுமைக்கு மார்க் போட ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கரும்பலகையில் அவர் வட்டம் போடும் அழகே தனி. காம்பஸ் கிடையாது, நூல் கிடையாது. தோளிலிருந்து கை ஒரே சுற்று. கோடு ஆரம்பித்த இடத்திலேயே வந்து முட்டும். அரட்டையடிக்கும் பிள்ளைகள்கூட அந்த நேரம் வாயை மூடிக்கொள்வார்கள். மனிதர் உயிரையே வைத்திருந்தது அந்த வலது கையில்தான்.

அந்தக் கைதான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் முக்கி, உதறி, திட்டி, வெயில் ஏறிய பிறகுதான் வழிக்கு வரும். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட வேண்டியதாயிற்று. இரண்டு கைகளிலும் விரல் முட்டிகள் வீங்கிக் கிடந்தன. சாக்பீஸ் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாஸ்டர் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மனைவி விடவில்லை, டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா முட்டிகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

"ரிப்போர்ட் வந்ததும் எடுத்துட்டு வாங்க சார். பார்த்துட்டுதான் மருந்து."

ரிப்போர்ட் வந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விடைத்தாளைப் படிப்பது போல மேலிருந்து கீழே படித்தார். ஆன்டிபாடி என்று ஒரு வரி. இருக்க வேண்டிய அளவு இருபதுக்குள். இவருக்கு வந்திருப்பது நூற்றெண்பது. ஆன்டிபாடி என்றால் நோய்க்கிருமியை எதிர்ப்பது என்று அவருக்குத் தெரியும். அது அதிகம் என்றால் எதிர்ப்புச் சக்தி அதிகம். ஈரடியில் நிரூபித்து முடித்துவிட்டார்.

"பார்த்தியா? இருபதுக்கு நூத்தியெண்பது!" என்று சமையலறை வாசலில் நின்று கூவினார்.

"இது என்ன மார்க்காங்க? இருபதுக்குள்ள இருக்கணும்னுதானே போட்டிருக்கு?"

"அது சாதாரண ஜனங்களுக்கு. என் உடம்புல ஒரு பட்டாளமே இருக்கு. எந்தக் கிருமி வந்தாலும் காலி."

அடுத்த வரியில் இன்னொரு ஆன்டிபாடி. அதற்கு நேராக 'நெகட்டிவ்' என்றிருந்தது. மாஸ்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "இதுல மட்டும் கோட்டை விட்டுட்டேன்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"டாக்டரம்மா எடுத்துட்டு வரச் சொன்னாங்களே."

"ரிசல்ட் வந்தப்புறம் பேப்பர் திருத்தினவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கிறவன் ஃபெயிலானவன். நான் எதுக்கு நிக்கணும்?"

ட்யூஷன் உலகத்தில் இதற்கு மறுபேச்சு கிடையாது. சென்டம் வாங்கியவன் மறுகூட்டலுக்கு எழுதிப் போடுவானா? மனைவி அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

மழைக்காலம் வந்தது. ஊரே இருமிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் குடை இல்லாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்வந்தார். வந்து காய்ச்சலில் படுத்தார். பட்டாளம் லீவில் போயிருந்தது போலும். விரல் வலிக்கு மருந்துக்கடையில் தானே மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வலி கொஞ்சம் அடங்கும். வீக்கம் தன் பாட்டுக்கு வளரும்.

பரீட்சை நெருங்கிய சமயம், வட்டங்கள் பாடம். மாஸ்டர் பலகை முன்னால் நின்று கையை ஓங்கினார். பாதிச் சுற்றில் சாக்பீஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது. இடது கையால் போட்டுப் பார்த்தார். உருளைக்கிழங்கு வந்தது. பிள்ளைகள் சிரித்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கீழே வந்து, "டாக்டர்கிட்ட போலாமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டில் தேதியைப் பார்த்தார். "இவ்வளவு நாள் எங்க சார் போனீங்க?"

"நல்ல மார்க்குனு நினைச்சேன் மேடம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஆன்டிபாடி கிருமியைத் தாக்கத்தான் இருக்கு. சில பேருக்கு அது ஆள் தெரியாம சொந்த மூட்டையே அடிக்க ஆரம்பிச்சிடும். இந்த டெஸ்ட்ல தேடுறது அந்த மாதிரி ஆன்டிபாடியைத்தான். இது கூடினா சந்தோஷப்பட ஒண்ணுமில்ல சார்."

"அப்ப அந்த நெகட்டிவ்?"

"இதுல இருக்கிற ஒரே நல்ல சேதி அதுதான். வேற ஒரு வியாதியோனு பார்த்தேன், அதுக்கு வாய்ப்பு கம்மினு வந்திருக்கு."

மாஸ்டரின் கணக்கு தலைகீழானது. பாஸ் எல்லாம் ஃபெயில், ஃபெயில் எல்லாம் பாஸ்.

"நம்பரை மட்டும் வெச்சு நான் எதுவும் சொல்லிடமாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "நம்பர் கூடுதலா இருந்தும் வலியே இல்லாம நடமாடுறவங்க இருக்காங்க. நம்பர் சரியா இருந்தும் மூட்டு வீங்கினவங்களும் இருக்காங்க. பேப்பரையும் கையையும் சேர்த்துப் பார்க்கணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன். உங்க கை அப்பவே வீங்கியிருந்துச்சு. இது முடக்குவாதம்."

எக்ஸ்ரேயில் வலது ஆட்காட்டி விரலின் மூட்டு அரித்துப்போயிருந்தது. மற்ற விரல்களை மருந்து காப்பாற்றும், இந்த ஒன்று பழையபடி ஆகாது என்று மூட்டு நிபுணர் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், 'நான் அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தைக்காக மாஸ்டர் காத்திருந்தார். மனைவி அதைச் சொல்லவே இல்லை. சொல்லித் தொலைத்திருந்தால் பாரம் குறைந்திருக்கும் என்றிருந்தது அவருக்கு.

மருந்து கேட்டது. வீக்கம் வடிந்தது, பொத்தான்கள் பெரும்பாலும் வசப்பட்டன. வட்டத்துக்கு மட்டும் வகுப்பில் ஒரு மரக் காம்பஸ் வந்து சேர்ந்தது. அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது, மாஸ்டர் பழக்கதோஷத்தில் புது ரிப்போர்ட்டை முதலில் நீட்டினார். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

"முதல்ல கையை மூடுங்க சார்."

மூடினார். நான்கு விரல்கள் மடங்கின. ஆட்காட்டி விரல் மட்டும், விடை தெரிந்த பிள்ளை போல, விறைத்துக்கொண்டு நின்றது.

"எவ்வளவு மேடம்?" என்றார், வாய் சும்மா இராமல்.

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவர் போட முடியாமல் விட்டிருந்த மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"எண்பது" என்றார். "கௌரவத்துல இருபது போச்சு."