தப்புக்கு நெருப்பு வேண்டும்

கமலவேணிக்குக் கண்ணாடி பிடிக்காது. குண்டசாலையில் அவள் நடனம் பழக்கும் கூடத்தின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிதான். முன்பு அங்கே உடற்பயிற்சி வகுப்பு நடத்தியவர்கள் பதித்துவிட்டுப் போனது. வாடகைக்கு எடுத்த அன்றே வேணி அதைப் பழைய படுக்கை விரிப்புகளால் மூடிவிட்டாள். “ஒங்க மூஞ்சிய நீங்களே பாத்துக்கிட்டு ஆடுனா, பக்கத்துல ஆடுறவள யாரு பாக்குறது?” என்று கேட்டாள்.

சலங்கையும் பிடிக்காது. மல்லிகைப்பூ தலைவலி தரும். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே குடிக்கிற கடும் பிளேன்டீதான் அவளுக்குத் தேநீர். உடுப்பது ஆண்களின் பழைய பருத்திச் சட்டை. வத்தேகம பஸ்ஸில் இடமிருந்தாலும் உட்காரமாட்டாள். வளைவில் சனம் மொத்தமாகச் சாய்ந்து மொத்தமாக நிமிர்வதைப் பார்த்துக்கொண்டே வருவாள். “இந்த அக்காவுக்கு சீட்டுக் குடுத்தா கோவம் வரும்” என்று கொண்டக்டர் மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

வத்தேகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா வீரையாவுக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை, அம்மாவுக்கு மலையில் கொழுந்து பறிப்பது. பள்ளிக்கூட விழா வந்தால் பிள்ளைகளுக்கு முதுகில் கூடை மாட்டிக் கொழுந்து நடனம் ஆடவைப்பார்கள். ஒரு வருடம் வேணி கூடையைக் கீழே வைத்துவிட்டாள். “அம்மா தெனமும் தூக்குறாங்க டீச்சர். மேடையில சிரிச்சுக்கிட்டே தூக்க எனக்கு ஏலாது.” அந்த விழாவில் அவளுக்கு ஆட்டம் கிடைக்கவில்லை. பிறகு கண்டியில் பரதம், கொழும்பில் பகலில் ஹோட்டல் வரவேற்பு மேசை, மாலையில் நவீன நடனக் குழு. அந்தக் குழுவில் நல்ல பெயர் எடுத்த பிறகும் ஊருக்கே திரும்பி வந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: “கொழும்புல தரை சமமா இருக்கு.”

சரிவில் நடந்து வளர்ந்த கால்களை வைத்துத்தான் ‘சாய்வு’ என்ற நடனத்தை அவள் செய்தாள். அதற்குத் தப்பு மேளம் வேண்டும் என்று அழகரைத் தேடிப் போனாள். அழகர் ஐம்பதைத் தாண்டியவர். சாவு வீட்டுக்கும் காமன் கூத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் தப்படிப்பவர். கோயிலில் அவர் நிற்கும் இடம் வாசலுக்கு வெளியே. நகரத்து விழாக்களிலும் அப்படித்தான். பிரமுகர்கள் வரும்போது வாசலில் அடிப்பார். அவர்கள் உள்ளே போனதும் ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

“நீங்க மேடைக்கு நடுவுல நிப்பீங்க அண்ணே. எங்க ஆட்டக்காரங்க ஒங்களச் சுத்தி ஆடுவாங்க” என்றாள் வேணி.

“நடுவுலயா? என் வயித்தப் பாத்தீங்களா தங்கச்சி? அப்பறம் அவங்க ஆட எடம் எங்க இருக்கு?”

சிரித்துக்கொண்டு சொன்னாலும், கண்டி நடன விழாவுக்கு ‘சாய்வு’ தெரிவானதும் புது வெள்ளைச் சட்டை வாங்கினார். அவர் மனைவி நல்லம்மா, புருசன் மேடை ஏறப் போவதாக லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

விழாவுக்கு அமர்த்தியிருந்தது நகரத்தில் புதிதாகக் கட்டிய குளிரூட்டிய மண்டபம். விழாவன்று பிற்பகல், ஒத்திகைக்காக அழகர் தப்பைத் தோளில் மாட்டி ஓர் அடி அடித்தார். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியது போலிருந்தது. இன்னோர் அடி. அதுவும் அப்படியே.

நெருப்பில் காய்ச்சினால்தான் தப்பின் தோல் இறுகும். சூடு இறங்கினால் சத்தமும் இறங்கும். குண்டசாலைக் கூடத்துக்குப் பின்னால் முற்றம் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அங்கே காகிதமும் சருகும் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவது கை கழுவுவது போல ஆகிவிட்டது. அதனாலேயே, மண்டபத்தைப் பார்க்க வந்த அன்று வேணி தரையைத் தட்டிப் பார்த்தாள், விளக்குகளைப் பார்த்தாள், நெருப்பை மட்டும் நினைக்கவில்லை.

அழகர் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்ததும் காவலாளி பளீல் ஓடி வந்தார்.

“வாணாம் புள்ள. இங்க பொகை கிளம்பினா கூரையால தண்ணி ஊத்தும். கதிரையெல்லாம் போச்சு. அதுக்குப் பொறகு என்ட வேலையும் போச்சு.”

விழாச் செயலாளர் சுந்தரலிங்கத்திடம் வழி ஒன்று இருந்தது. “இதுக்கு ஏம்மா யோசிக்கிறீங்க? அவரு பின்னால வாகனம் நிப்பாட்டுற எடத்துல நெருப்புக்கிட்ட நின்னு அடிக்கட்டும். மைக் வைக்கிறோம். சத்தம் உள்ள வந்தாப் போதும்தானே. ஆள் எங்க நின்னா என்ன?”

அழகர் தப்பைக் கழற்றத் தொடங்கினார். “பரவால்ல தங்கச்சி. எனக்கு வெளிய நின்னு பழக்கந்தான்.”

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் வேணியால் தாங்கியிருக்க முடியும்.

“அவரு வெளியன்னா நாங்களும் வெளிய. எங்க பேர வெட்டிருங்க சேர்.”

“என்னம்மா, சனம் வரப்போற நேரத்துல வெட்டு கொத்துன்னு பேசுறீங்க?”

“அப்ப ஒரு மணித்தியாலம் குடுங்க.”

மண்டபத்தின் பின்கதவு வழியாக வெளியே போய், குப்பை எரிக்கும் மூலையில் நெருப்பு மூட்டலாமா என்று பளீலிடம் கேட்டாள். அவர் வாளியில் தண்ணீரோடு கூட வந்தார். அம்பிட்டியவில் இருந்த அழகரின் மச்சானிடம் சொல்ல, இன்னும் இரண்டு தப்புகள் முச்சக்கர வண்டியில் வந்திறங்கின. வேணி தன் ஆட்டக்காரர்கள் ஏழு பேரையும் கூப்பிட்டாள். அழகர் மேடையைவிட்டு இறங்கக்கூடாது. அவர் கையிலிருக்கும் தப்பின் சத்தம் இறங்க இறங்க, யாராவது ஒருவர் ஆட்டத்திலிருந்து பிரிந்து சாய்ந்த நடையிலேயே வெளியே வந்து, காய்ந்த தப்பை வாங்கி, அதே நடையில் உள்ளே போய் அவர் கையில் கொடுத்து, ஆறியதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முதலில் றிஸானா, பிறகு ருக்கியா, பிறகு முத்துலிங்கம். அந்தப் போக்கும் வரவும் இனி நடனம்.

“ஆறு மாசம் பழகினத ஒரு மணித்தியாலத்துல மாத்துறீங்க வேணிக்கா” என்றாள் றிஸானா.

“மாத்தாம விட்டா அவரு வெளிய நிக்கணும். எது லேசு?”

“வெளியில யாரு தப்பக் காய்ச்சுறது?”

அதை வேணி அதுவரை யோசித்திருக்கவில்லை. தோல் கருகாமல் காய்ச்சத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டு பேர்தான். ஒருவர் மேடையில். இத்தனை மாதங்களாக இந்த ஆட்டத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவேண்டும் என்றே அவள் உழைத்திருந்தாள்.

“நான்” என்றாள்.

இருட்டத் தொடங்கியபோது சனம் உள்ளே போனது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வேணி நெருப்புக்கு முன்னால் குந்தினாள். முதல் தப்பின் சத்தம் கதவைத் தாண்டி அவளிடம் வந்தது. கால்கள் விழும் ஓசையை வைத்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று கணக்குப் போட்டாள்.

“உள்ள போய்ப் பாருங்களேன் புள்ள” என்றார் பளீல். “நெருப்ப நான் பாத்துக்குறேன்.”

“நீங்க தோலக் கருக்கிருவீங்க பளீல் நானா.”

“என்ட வீட்டுக்காரி ரொட்டியப் பத்தியும் இதத்தான் சொல்றா.”

றிஸானா வந்தாள், வாங்கினாள், போனாள். ருக்கியா வந்தபோது அவள் முகம் வியர்த்து மலர்ந்திருந்தது. காய்ந்ததை வாங்கிக்கொண்டு போனாள். முத்துலிங்கத்துக்கான தப்பும் காய்ந்துவிட்டது. வேணி விரலால் சுண்டிப் பார்த்தாள், கணீரென்றது. கதவு திறக்கவில்லை. உள்ளே சத்தம் இறங்கிக்கொண்டே வந்து, அட்டைப்பெட்டியாகி, நின்றது. முத்துலிங்கம் பழைய ஒழுங்கிலேயே ஆடிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

தப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரையோரம் வரைக்கும்தான் ஓட்டம். அங்கிருந்து, கரிபிடித்த சட்டையோடும் ரப்பர் செருப்போடும், மலையில் ஏறுகிறவள் போல முன்சாய்ந்து நடந்தாள். விளக்கில் கண் கூசியது. நடுமேடையில் வெள்ளைச் சட்டையோடு அழகர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். சபையில் ஒரு கதிரைகூடக் கிறீச்சிடவில்லை. முன்வரிசையில் ஓர் அம்மா புடைவைத் தலைப்பை வாயில் வைத்தபடி இருந்தாள், நல்லம்மாவாகத்தான் இருக்கவேண்டும்.

“பயந்துட்டேன் தங்கச்சி” என்று உதடு அசையாமல் சொன்னார் அழகர்.

“அடிங்க அண்ணே.”

அவர் அடித்தார். அந்த அடியில் ஏழு பேரும் ஒன்றாகச் சாய்ந்ததை வேணி பக்கவாட்டில் அரைக் கண்ணால் பார்த்தாள். நின்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்கு இன்னொரு தப்பு வேண்டும். ஆறியதை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த நடையிலேயே வெளியே போனாள்.

“சருகு முடிஞ்சுது புள்ள” என்றார் பளீல்.

“குப்பையில கெடக்குற அந்த அட்டைப்பெட்டியக் கிழிங்க” என்றபடி அவள் மறுபடி நெருப்புக்கு முன்னால் குந்தினாள்.