அமாவாசை அன்று எடுத்த தலைக்கணக்கு

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு பஸ் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தனியார் வண்டிகளை அரசு எடுத்துக்கொண்ட புதிது. எந்த ஊருக்கு எத்தனை வண்டி, ஒரு நாளைக்கு எத்தனை நடை, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று முடிவு செய்கிற பிரிவில் எனக்கு மேசை போட்டிருந்தார்கள். முடிவு செய்வது எங்கள் அதிகாரி. அவர் எழுதியதை அடிப்பது நான்.

நான் வேலைக்கு வந்ததே ஒரு பஸ்ஸை நம்பித்தான். தாமல் வண்டி முன்பெல்லாம் மெயின் ரோட்டோடு போய்விடும். அதைக் காலையும் மாலையும் எங்கள் முசரவாக்கத்துக்குள் விட்டுத் திருப்பி எடுத்துப் போகட்டும், மூன்று மாதம் பார்ப்போம் என்று ஒரு உத்தரவு வந்தது. அந்த வண்டி வந்த பிறகுதான் அப்பா என்னை வேலைக்கு அனுப்பச் சம்மதித்தார்.

"பஸ் வர்ற வரைக்கும் போ. பஸ் நின்னுதுன்னா நீயும் நின்னுடணும்மா. மெயின் ரோட்லருந்து இருட்டுல தனியா நடந்து வர்றதெல்லாம் ஆவாது" என்றார்.

நின்றுவிட்டால் அடுத்தது என்ன என்பதும் எனக்குத் தெரியும். மாகறலில் ஒரு மாப்பிள்ளை வீடு எங்கள் பதிலுக்குக் காத்திருந்தது. பையன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு டைப் மெஷினைத்தான் பிடித்திருந்தது, என்ன செய்ய?

மெட்ராஸுக்கும் வேலூருக்கும் போகிற வண்டிகள் நன்றாகச் சம்பாதிக்கும். அந்த மிச்சத்தில்தான் கிராமத்து வண்டிகள் ஓடின. அந்த ஏற்பாட்டை இன்றைக்கு நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் ஆளே ஏறாத ஊருக்கு வண்டி விட எங்கள் அதிகாரி ஒத்துக்கொள்ள மாட்டார். டிக்கெட் வசூலை ரூட் முழுவதற்கும் சேர்த்தே எழுதினார்கள் என்பதால், எங்கள் ஊரில் மட்டும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது அதில் தெரியாது. அதற்கு ஒருநாள் ஆள் அனுப்பித் தலை எண்ணச் சொல்வார்கள்.

மூன்றாம் மாதம் அந்தத் தாள் என் மேசைக்கு வந்தது. முசரவாக்கம், காலை நடை, ஏறியவர்கள் ஐந்து பேர். கீழே அதிகாரியின் கையெழுத்தில் ஒரே வரி: "நடையை நிறுத்த உத்தரவு தயார் செய்க."

ஐந்து பேரா? தினமும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, இன்னொரு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்துகொண்டிருக்கிறேன். எண்ணினவனுக்குக் கண் என்ன பொடனியிலா இருந்தது? பேப்பரைச் சொருகி, எரிச்சலோடு தட்ட ஆரம்பித்தேன். கணக்கெடுத்த தேதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. போன புதன்கிழமை. அன்றைக்கு நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜம்மென்று காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். மாதத்துக்கு ஒருநாளாவது இந்தச் சுகம் கிடைக்கிறதே என்று சந்தோஷம் வேறு! கையில் அட்டையும் பென்சிலுமாக வந்த ஆளுக்கு நகர்ந்து இடம்கூடக் கொடுத்தேன்.

அன்றைக்கு அமாவாசை.

எங்கள் ஊரிலிருந்து அந்த வண்டியில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமைகூட நெய்வார்கள், அமாவாசைக்கு மட்டும் தறியைத் தொட மாட்டார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வெளியூரிலிருந்து வந்த ஆபீஸ்காரர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களை விடுங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றவில்லையே. என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டைப்பிஸ்ட் வாயைத் திறந்தாலே அவருக்கு முகம் சுருங்கும். சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போனேன்.

"சார், முசரவாக்கம் கணக்கு தப்பு சார். அன்னிக்கு அமாவாசை."

"அமாவாசைன்னா பஸ் ஓடாதோ? என்னம்மா பேசுதே?"

"பஸ் ஓடும் சார். தறி ஓடாது. தறி ஓடலன்னா எங்க ஊர் ஜனம் எதுக்கு சார் பஸ் ஏறப்போவுது?"

எங்க ஊர் என்று வாயில் வந்துவிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஓஹோ, உங்க ஊரா? அதானே பார்த்தேன்."

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. "எங்க ஊருதான் சார். பஸ் நின்னா என் வேலையும் போயிடும். அதுக்காகப் பொய் சொல்வேனா? நாளைக்குக் காலையில நீங்களே வந்து ஏறிப் பாருங்க!"

சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

"காலண்டரை மாட்டிட்டு, உத்தரவை அடிச்சு வை" என்றார். அடித்து வைத்தேன். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலை தாமலிலிருந்து வண்டி வந்து எங்கள் ஊரில் திரும்பி நின்றது. முன் சீட்டில் அதிகாரி! மடியில் அட்டை, கையில் பென்சில். கூட்டம் முண்டியடித்து ஏறியது. அவர் பென்சிலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். ஏழோ எட்டோ எண்ணியிருப்பார், ஓர் அம்மாள் துணியில் கட்டிய மூட்டையோடு ஏறினார். வீட்டில் வைத்து இழைத்த பட்டு நூலைத் தறிக்காரரிடம் கொடுக்க எடுத்துப் போகிறவர்.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. பட்டு நூலைக் கால் படுகிற இடத்தில் வைக்க மாட்டார்கள். நிற்பவர் கையில் நூல் மூட்டை இருந்தால், உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு அனுமதியெல்லாம் யாரும் கேட்பதில்லை.

"இத்தப் புடிபா" என்று அதிகாரி மடியில் மூட்டையை வைத்தார் அந்த அம்மாள்.

"அம்மா, நான் கணக்கெடுக்க வந்திருக்கேன்."

"எடேன், யார் வாணான்னா? மொதல்ல இத்தப் புடி. பட்டு, கீழ கீழ போட்டுறாத."

பின்னாலிருந்து இன்னொரு மூட்டை ஆட்களின் தலைக்கு மேலாகவே வந்து சேர்ந்தது. "அண்ணே, இதுவும் அங்கயே இருக்கட்டும். பள்ளத்துல தூக்கிப் போடும், கெட்டியா புடிச்சுக்கோ!"

"அவுரு இன்னாமோ ஆபீசர் மாதிரி குந்திக்கினு இருக்காரே" என்றது ஒரு குரல். வண்டியே சிரித்தது. எண்ணும் அட்டை மூட்டைகளுக்கு அடியில் போய்விட்டது. பென்சில் எங்கோ உருண்டது. அவர் இரண்டு கையாலும் பட்டை அணைத்துக்கொண்டு, தாடை வரை மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார். நான் படியில் தொங்கிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வந்தேன்.

ஆபீசுக்கு வந்ததும் கூப்பிட்டார். ஒரு தாளை நீட்டி, "இதை அடி" என்றார். ஏறியவர்கள் என்ற கட்டத்தில் எண் இல்லை. "எண்ண முடியவில்லை. எண்ணப் போனவர் மடி நிறையப் பட்டு இருந்தது" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே: "நடை நிரந்தரமாகத் தொடரலாம். குறைகிற பணத்தை மெட்ராஸ் வண்டி வரவிலிருந்து கொடுக்கவும்." முந்தின நாள் நான் அடித்த உத்தரவையும் என் கையிலேயே கொடுத்து, "இதை நீயே கிழி. இனிமே தலை எண்ணுத தேதிய உங்கிட்ட கேட்டுட்டுதான் குறிப்பேன்" என்றார்.

மகராசன், நன்றாக இருக்கட்டும். ஒரு டைப்பிஸ்ட் கத்தினதற்காக விடியும் முன்னே எழுந்து கிராமத்து வண்டியில் ஏறிய இன்னொரு அதிகாரியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. என்னைத் திட்டுவதை மட்டும் கடைசி வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. அதற்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன்.

அன்று மாலை வண்டி ஊருக்குள் வந்து நின்றபோது அப்பா நிறுத்தத்திலேயே காத்திருந்தார். சேதி எப்படியோ எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது.

"பஸ் நிக்கப்போறது இல்லியாமே?"

"இல்லப்பா."

என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மாகறலுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அப்ப நீயும் நிக்காத. போய்க்கினே இரு."